தறிச் சத்தத்தில் ஒரு ஹாக்கி வாதம்

ஆரணியில் ஒரு விசைத்தறிக் கூடம். இந்த இரைச்சலில் எதிரெதிர்த் தறிக்காரர்கள் இருவர் கையாலேயே வாதாடுகிறார்கள். நூல் சுற்றும் அக்கா என் காதில் கத்துகிறார்: "அவங்களுக்குப் புடிச்ச ஹாக்கி டீமுல ஆட்டக்காரங்க சம்பளம் லீக்ல வெச்ச லிமிட்டத் தாண்டிடுச்சிங்க. யாராவது ஒருத்தர வேற டீமுக்குத் தள்ளிவுடணும்."

தலைக்கு மேல் கிடையாகப் பிடித்த கைதான் அந்த லிமிட். விரித்த உள்ளங்கைகள் கோல்கீப்பர். மணிக்கட்டை ஒருவர் சுண்டினால் பெனால்டி கார்னர் பந்தே பறக்கிறது! வாய்பிளந்து நிற்கிறேன். கோல்கீப்பரைத் தள்ளச் சொல்கிறார் ஒருவர். மற்றவர் நெஞ்சில் அடித்துக்கொள்கிறார்.

கரண்ட் போகிறது. தறிகள் நின்றும் கைகள் ஓயவில்லை.

"இப்ப வாயால பேசலாமே?" என்கிறேன்.

"பேசினா அடிதடிதாங்க," என்கிறார் அக்கா. "கை ரெண்டும் பேசிகினு இருந்தா எத வெச்சி அடிச்சிக்கிறது?"