வகுப்புக்குப் போகாமல் பாஸானவர்கள்

ஒரு பல்கலைக்கழகத்தில் பாஸான பாடத்தை இன்னொரு பல்கலைக்கழகம் ஏற்கும்படி செய்வது என் தொழில்; சம்பந்தம் பேசுவதைவிடக் கூடுதலாகப் பதில் சொல்லவேண்டிய வேலை. பாரிஸில், லா சப்பலில் புடவைக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறேன். பத்திரங்கள் நிறைந்த தொசியேயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பிரெஞ்சு அரசாங்கக் கந்தோர் வாசல்களில் நொந்துபோன உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஆனால் எனக்குப் பயம் கிடையாது. பாஸ் என்றால் பாஸ்தான், எங்கே எழுதினால் என்ன?

சைபர்

மாலினி லா கூர்னெவ்வில் இருக்கிறார், உணவகமொன்றில் வேலை. யாழ்ப்பாணத்தில் வெளிவாரியாகப் பொருளியல் படித்தவர். அதாவது கம்பஸில் வகுப்பே இல்லை, சோதனை மட்டும். இரண்டு வருடப் பாடங்களில் பாஸாகிவிட்டுக் கலியாணம் கட்டி இங்கே வந்துவிட்டார். இங்குள்ள பல்கலைக்கழகம் அவற்றை ஏற்றால் நேரே மூன்றாம் வருடம், இல்லாவிட்டால் முதலிலிருந்து. முதலிலிருந்து என்றால் படிப்பையே விட்டுவிடுவேன் என்று வந்த அன்றே சொன்னார்.

விண்ணப்பத்தில் வகுப்பில் இருந்த நேரத்தைக் கேட்கும் இடத்தில், தனியார் டியூட்டரிக்குப் போன நேரத்தையெல்லாம் கூட்டி எழுதியிருந்தார். எங்கள் ஆட்கள் வழக்கமாக விடுகிற பிழை இது. கம்பஸ் படியேறாதவர் என்று சொல்ல வெட்கம். ஆனால் டியூட்டரிக்கு அத்தாட்சி கேட்டால் எங்கே போவது? உண்மையான பாஸும் சேர்ந்து சந்தேகத்தில் விழும். வெட்டிவிட்டு சைபர் போட்டேன். மாலினிக்கு முகம் விழுந்துவிட்டது.

"சைபரெண்டு போட்டா, சும்மா ஊர் சுத்தினவளெண்டெல்லோ நினைப்பினம்?"

சோத்துப் பெட்டி

ஓல்னேயிலிருந்து ஒரு தகப்பன் மகனோடு வந்தார். மகன் சென் தெனியில் முதல் வருடம் முடித்து வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறுகிறான். டெலிபோன் கடையில் வேலை பார்த்ததால், வகுப்புக்கு வராமல் சோதனை மட்டும் எழுத அனுமதி வாங்கியிருந்தான். புள்ளிகள் பிரமாதம். "வகுப்புக்கே போகாமல் இப்படி எழுதியிருக்கிறாரே" என்று நான் வாய் நிறையப் புகழ்ந்தேன். மகன் பிரெஞ்சில் என்னவோ முணுமுணுத்தான். தகப்பன் அவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"அப்ப இவ்வளவு நாளும் விடிய எழும்பி நான் ஆருக்குச் சோறு கட்டினனான்?"

நேர்முகம்

மாலினியைப் பல்கலைக்கழகத்துக்கு நேரில் வரச்சொன்னார்கள். துணைக்குப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பேராசிரியை, "உங்களுக்கு இதையெல்லாம் படிப்பித்தவர் யார்?" என்று கேட்டார். நான் வாயெடுக்கப் பார்த்தேன். மாலினி கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டு, தன் உடைந்த பிரெஞ்சிலேயே சொன்னார். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

"ஒருத்தரையும் காட்ட ஏலாது. பாடத்திலை கேளுங்கோ, சொல்லுறன்."

மூன்றாம் வருடம்

கேட்டார்கள், சொன்னார். ஏற்றுக்கொண்டார்கள். கடிதம் வந்த அன்று மாலினியைவிட எனக்குத்தான் தலைகால் புரியவில்லை.

வகுப்புத் தொடங்கிய கிழமை மேல்மாடிக்கு ஏறி வந்தார். எப்படிப் போகிறது என்று கேட்டேன். சொன்னார்:

"வரவுக்குப் பேர் கூப்பிட்டினம், அண்ணை. அங்கை கம்பஸுக்கு நான் வெறும் சோதனைச் சுட்டெண்தானே, பேரில்லை. என்ர பேரைக் கேட்டவுடன எழும்பி நிண்டிட்டன். எல்லாரும் சிரிச்சவை, ஆனா நான் உடன கதிரையிலை இருக்கேல்லை."

இங்கே பெயர் கூப்பிட்டால் இருந்தபடியே கையைத் தூக்கினால் போதும் என்று எனக்குத் தெரியும், ஆனால் இனி வருகிறவர்களுக்கு அதை நான் சொல்லப்போவதில்லை.