தின்னாத தயிருக்கு வந்த பழி

ஏனுங்க, புள்ளைக்குச் சளி புடிச்சா, பெத்தவ வாயில என்ன போச்சுன்னு மட்டும் கேக்கறது என்ன நியாயமுங்க? அன்னூர்ல புவனா ஊட்டுல நடந்தது அதுதான்.

புவனா பீளமேட்டுல கம்பெனி வேலைக்குப் போய்க்கிட்டிருந்தவ. பிரசவத்துக்கு லீவு போட்டு, அம்மா ஊட்டுல இருந்துபோட்டு, கைக்குழந்தை லாஸ்யாவோட புருசன் மதன்குமார் ஊட்டுக்கு வந்தா. வந்த அன்னிக்கே மாமியா கருப்பாத்தாள் சட்டம் போட்டுட்டாங்க. தயிர் ஆகாது, வாழப்பழம் ஆகாது, தலைக்குத் தண்ணி ஊத்தவே கூடாது. இவ தின்னா பால் வழியா புள்ளைக்குச் சளி ஏறிக்குமாமா! மொளகு ரசமும் பூண்டும் தின்னு தின்னு புவனாவுக்கு நாக்கே செத்துப்போச்சு. தயிர்ச் சட்டியப் பாத்தா எச்சில் ஊறும். இருந்தும் தொடல.

அப்பத்தான் மாமியாளோட அக்கா சாமியாத்தாள் புள்ளை பாக்க ஈரோட்டுல இருந்து வந்தாங்க. பஸ்ஸ விட்டு இறங்கறப்பவே தும்மல். முந்தானையில மூக்கச் சிந்திப்போட்டு, அதே கையில "வா கண்ணு, என்ற தங்கமே"ன்னு புள்ளைய வாங்கி, வாயோட வாய் வெச்சு முத்தம். அதோட உட்டாங்களா? குளிக்க வெச்சு, மூக்குல தண்ணி நிக்குதுன்னு வாயை வெச்சு 'பூ'ன்னு ஊதுனாங்க. பெரியவங்களை என்னன்னு சொல்றது? புவனா துண்டை எடுத்துப் புள்ளை மூஞ்சியத் தொடச்சு உட்டா.

ரெண்டு நாள்ல புள்ளைக்கு மூக்கு அடைச்சுக்கிச்சு. மேலு சுட்டுது. மார்ல வாய் வெச்சா மூச்சு முட்டி, உட்டுப்போட்டு வீறிட்டு அழுதுது.

"திருட்டுத்தனமா தயிர் தின்னியா அம்மணி?"ன்னாங்க கருப்பாத்தாள்.

"இல்லீங்க அத்தை."

நம்பணுமே! சளி போற வரைக்கும் தாய்ப்பால் குடுக்காதே, புட்டிப்பால் போதும்னு தீர்ப்பும் ஆயிப்போச்சு. மதன்குமார் செல்போனைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தான். பசிச்ச புள்ளை ஒரு பக்கம் கத்துது, மார்ல பால் கட்டி நோவுது. பத்திக்கிட்டு வராதா பின்ன?

புள்ளையத் தூக்கிக்கிட்டு ஆட்டோவுல ஏறிட்டா. மாமியாளும் கூடவே ஏறிக்கிட்டாங்க. குழந்தை டாக்டர் மெர்சி நெஞ்சுல குழாய் வெச்சுப் பாத்தாங்க.

"நெஞ்சு சுத்தமா இருக்கு. மூக்கு, தொண்டையோட நிக்கற வைரஸ் சளிதான். ஊட்டுல வேற யாருக்காவது சளி இருக்குதா?"

"யாருக்குமில்லீங்க. இவதான் தயிரு..."ன்னு மாமியா ஆரம்பிச்சாங்க.

"எங்க பெரியத்தைக்கு இருக்குதுங்க"ன்னு புவனா போட்டு உடைச்சா. "தும்முன வாயில புள்ளை மூக்குல ஊதுனாங்க."

டாக்டருக்குச் சுருக்குன்னு கோவம் வந்துருச்சு. "பின்ன எப்படிம்மா வராது? தும்மல்ல, கையில, முத்தத்துல ஒட்டிக்கிட்டு வர்றதுதான் இது. நீங்க திங்கற தயிருக்கும் இதுக்கும் ஒண்ணுமில்ல. பாலை நிறுத்தாதீங்க, புள்ளை வாடிப்போயிரும். மூக்குல இந்த உப்புத்தண்ணிச் சொட்டு விட்டுட்டுக் குடுங்க. மூச்சு வாங்கினா, விலா உள்ள இழுத்தா, குடிக்காம துவண்டா உடனே தூக்கிட்டு வாங்க."

ஊட்டுக்குள்ள நுழைஞ்சதும் பெரியத்தை கையை நீட்டுனாங்க.

"உக்காருங்க பெரியத்தை, காப்பி குடிங்க. புள்ளைய மட்டும் தொடாதீங்க"ன்னு சொல்லி புவனா ரூம் கதவைச் சாத்திக்கிட்டா. சொட்டு விட்டு மார்ல போட்டதும் லாஸ்யா மடக் மடக்குன்னு குடிச்சா. வெளியே "மட்டு மரியாதை தெரியாதவ"ன்னு பேச்சு. பேசட்டுமே!

புள்ளைக்கு மூக்கடைப்பு விட்டு ரெண்டு நாள் கழிச்சு, சமையக்கட்டுல தும்மல் மேல தும்மல். கருப்பாத்தாள் மூக்கு செவந்து நின்னாங்க. புவனா தட்டுல சோத்தைப் போட்டு, தயிரத் தாராளமா ஊத்திப் பிசைஞ்சுக்கிட்டே, ரொம்ப மரியாதையாக் கேட்டா:

"ஏனுங்க அத்தை, நீங்க எப்பங்க திருட்டுத்தனமா தயிர் தின்னீங்க?"