ஒரே இருக்கை வைத்த கார்

தை மாதம் இருக்கன்குடியில் என் மகளுக்கு மொட்டை போட்டுக் காது குத்த வேண்டும். யார் மடியில் உட்கார வைப்பது? இதற்குப் பதில் தெரியாமல், கோயிலுக்குப் போக வேன் பேசுவதைக்கூட இரண்டு முறை தள்ளிப்போட்டுவிட்டேன். தாய்மாமன் மடிதான் முறை. எனக்கு உடன்பிறந்தவர்கள் இல்லை. அம்மாவின் தம்பி சிவகாசியில்தான் இருக்கிறார், அவரைக் கூப்பிடலாமே என்கிறார் என் மாமியார். ஆனால் அம்மா தம்பியோடு பேசி இருபத்திரண்டு வருடமாகிறது. ஒரு காரால் வந்த சண்டை என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். அது முழு உண்மை இல்லை என்பது எனக்கும் மாமாவுக்கும் மட்டும் தெரியும்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. மாமா பட்டாசுக் கம்பெனி வேன்களைப் பழுது பார்க்கும் மெக்கானிக். ஒரு முதலாளி வீட்டுக் கொட்டகையில் கோழி அடைந்துகிடந்த பழைய அமெரிக்கக் காரை எடைக்கு வாங்கி வந்தார். அமெரிக்காவில் அது சின்னக் காராம். எங்கள் தெருவுக்குள் திரும்பவே மாட்டேன் என்றது. கோயம்புத்தூர்ப் பக்கம் கால் மைல் தூரத்துக்கு நேர்க்கோட்டில் காரை விரட்டும் பந்தயம் நடக்கும், அதில் இதை ஓட்டுவது என்று முடிவு செய்து ஒன்றரை வருடம் பிரித்துப் பிரித்துச் சேர்த்தார். பெரிய எஞ்சின் வந்தது, அகலமான பின்சக்கரங்கள் வந்தன. எடை குறைய வேண்டுமென்று மற்றதெல்லாம் போனது. கடைசியில் உள்ளே மிஞ்சியது ஓட்டுபவருக்கான ஒரே இருக்கை.

"ஏலே, நாளைக்கு ஒனக்குப் பொண்டாட்டி வந்தா எங்கன உக்கார வைப்ப? டாப்புலயா?" என்பாள் அம்மா.

"இது போறதுக்கு இல்லக்கா, முந்துறதுக்கு."

"முந்திப் போயி?"

"நின்னுரணும்."

அம்மாவுக்குச் சிரித்துப் புரையேறும். அந்த மாதங்களில் அவள் எந்நேரமும் உப்பு வைத்த புளியைச் சப்பிக்கொண்டிருந்தாள். எனக்கும் ஒரு உருண்டை கிடைக்கும் என்பதற்கு மேல் அதைப் பற்றி நான் யோசித்ததில்லை.

காரை முதன்முதலாக ஓட்டிப் பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. தீபாவளி சீசன் என்பதால் அன்றும் கம்பெனியில் வேலை இருந்தது. வெம்பக்கோட்டைப் பக்கம் புதிதாகப் போட்டு, இன்னும் வண்டி விடாத ரோடு. அதையொட்டிய காட்டுக்குள்தான் அம்மா பெட்டி ஒட்டும் பட்டாசுக் கம்பெனி. எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு வெடி போடுவதென்றாலும் அருகிலிருக்கும் கம்பெனிக்கு முதலில் ஆள் அனுப்பிச் சொல்லிவிடுவார்கள். சொல்லாமல் ஒரு சத்தம் கேட்டால் உள்ளே இருப்பவர்கள் என்ன ஏது என்று பார்க்க மாட்டார்கள். ஓடுவார்கள்.

"தாயி, வாட்ச்மேன் அண்ணாச்சிகிட்ட, மாமா கார் ஓட்டுறாக, சத்தம் கேட்டா பயப்படாதீகன்னு சொல்லிட்டு ஓடியா" என்று மாமா என்னை அனுப்பினார்.

பாதி தூரம் போயிருப்பேன். பின்னால் எஞ்சின் உறுமியது. நான் பார்க்காமலே ஓட்டிவிடுவாரோ என்று பதறி, ஒரு கருவேல மரத்தடியில் சற்று நின்றேன். போய்வரும் நேரம் ஆகியிருக்கும் என்று தோன்றியதும் திரும்பினேன்.

"சொல்லிட்டியா தாயி?"

"சொல்லிட்டேன்."

கார் கிளம்பியதைப் பார்ப்பதற்குள் தூரத்தில் சிறுத்துவிட்டது. சுண்ணாம்பால் போட்ட கோட்டைத் தாண்டி மாமா ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும், சைலன்சர் இல்லாத குழாயிலிருந்து இரண்டு முறை வெடித்தது. நான் கைதட்டினேன். காட்டுக்குள்ளிருந்து பெண்கள் வெறுங்காலோடு ஓடி வந்தார்கள். அவர்களும் காரைப் பார்க்கத்தான் வருகிறார்கள் என்று நினைத்தேன்.

அம்மா வேலியோர ஓடையில் விழுந்து கிடந்தாள். மாமா காரை அங்கே கொண்டுவந்து நிறுத்தினார். இரண்டு பெண்கள் அம்மாவைத் தூக்கிக்கொண்டு நிற்க, கதவைத் திறந்தவர் உள்ளே பார்த்தபடி நின்றுவிட்டார். பின் சீட்டு இருந்த இடத்தில் வெறும் தகடும் குறுக்குக் கம்பிகளும்தான். சுற்றிப் போய் அடுத்த கதவையும் திறந்து பார்த்தார். அந்தப் பக்கம் இடம் இருந்துவிடும் என்பதைப் போல. வாட்ச்மேன் "யாரும் ஒரு வார்த்த சொல்லலையே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். மாமாவும் நானும் அதைக் கேட்டோம். லோடு ஏற்றிப் போயிருந்த கம்பெனி வேன் திரும்பி வர வெகுநேரமானது. அதுவரை அந்த வட்டாரத்திலேயே வேகமான வண்டி எங்கள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் அப்பா கத்தினார். "கம்பெனிக்கு ஆள் விட்டியாலே, இல்லையா?"

மாமா என்னைப் பார்த்தார். "மறந்துட்டேன் அத்தான்."

என்னை அனுப்பியதையே மறந்துவிட்டார் என்று நினைத்தேன். அப்பாடா என்று இருந்தது. யாரோ வாங்கித் தந்த பன்னை முழுதாகத் தின்றேன்.

வீட்டுக்கு வந்த அம்மா அதன்பின் புளியைத் தொடவில்லை. மாமா காரை வாங்கிய மாதிரியே எடைக்குப் போட்டார். பந்தயத்தில் தோற்றுவிட்டார் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவைத்தேன். அம்மாவின் வயிற்றில் ஐந்து மாதம் ஒரு தம்பி இருந்தான் என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. இருந்திருந்தால் அவன் மடியில்தான் என் மகள் உட்கார்ந்திருப்பாள்.

இப்போது அம்மா விருதுநகரில் என்னோடு இருக்கிறாள். நான் வேலைக்குப் போனதும் மகளைக் குளிப்பாட்டிச் சோறூட்டுவது அவள்தான். "அவன் பேச்ச எடுக்காத" என்பதோடு முடித்துக்கொள்கிறாள். போன வாரம் மாமாவுக்குப் போன் செய்து, அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடப் போகிறேன் என்றேன்.

"ஒன்னையும் வெறுத்துட்டா அக்கா எங்கன போவா தாயி?" என்றார்.

அவர் சொல்வது சரிதானா, அல்லது அது எனக்கு வசதியாக இருப்பதால்தான் சரி என்று படுகிறதா, தெரியவில்லை. பிள்ளை வளர்த்தவர்கள், அம்மாவோடு ஒரே வீட்டில் இருப்பவர்கள், யாராவது எழுதுங்கள். நான் சொல்லட்டுமா, வேண்டாமா? தை பிறக்க இன்னும் ஆறு வாரம் இருக்கிறது.