பேர் அழிஞ்ச கிரீன்லாந்து கார்டு

யூலானைப் பத்திப் பேச்செடுத்தாலே எனக்கு வயிறு எரியும். மறைச்சு என்ன ஆகப் போகுது?

தைவான்ல, கீலுங் துறைமுகத்துக்குப் பின்னாடி, மழை விடாத சந்துல எங்க கட்டடம். கீழே என் காலைப் பலகாரக் கடை. மூணாவது மாடியில நானும் என் வீட்டுக்காரரும், நாலாவது மாடியில அவ. கோயில் வாசல்ல மீன் வடை பொரிச்சு வித்தே காலத்தை ஓட்டினவ. புருஷன் சூரை மீன் கப்பல்காரன். பாதி உலகத்தைச் சுத்தியும் பொண்டாட்டிக்கு ஒரு வரி எழுதிப் போட்டதில்லை. அவன் போய்ச் சேர்ந்த மறு வருஷமே இவ போஸ்ட்கார்டைப் பிடிச்சுக்கிட்டா. "ஒருத்தன் எழுதலைன்னா என்ன பாவ்சூ, இப்ப உலகமே எனக்கு எழுதுது பாரு"ன்னு என்கிட்ட வந்து பல்லைக் காட்டுவா.

இதுக்குன்னே ஒரு வெப்சைட் இருக்கு. கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டு, முன்பின் தெரியாத ஒருத்தர் விலாசம் கொடுக்கும். அவங்களுக்கு நாம ஒரு கார்டு போட்டா, வேற எங்கேயோ இருந்து நமக்கு ஒண்ணு வரும். பழகிட்டா நாமளே நேரா ஆள் பிடிச்சு மாத்திக்கலாம். அவளைப் பார்த்துத்தான் நானும் இதுல காலை விட்டேன்.

எனக்கு வர்றதெல்லாம் பூனைப் படம். பின்னாடி "ஹலோ, உங்க ஊர்ல வெயிலா?" அவ்வளவுதான். அவளுக்கு ஓரம் வரைக்கும் நுணுக்கி நுணுக்கி எழுதியிருக்கும். படத்துல கலங்கரை விளக்கம், தபால்தலையில அதே விளக்கம், முத்திரையிலயும் அதேதான். மூணும் பொருந்தின கார்டுக்குத்தான் மதிப்பு. அவ தபாலாபீஸுக்குப் போனா கவுண்டர் பொண்ணு எழுந்து நின்னு, வட்டம் கலையாம முத்திரை குத்திக் கொடுப்பா. எனக்குக் குத்தினா அரை வட்டம்தான் விழும். பத்திக்கிட்டு வருமா வராதா?

ஒரே ஒரு நாடு மட்டும் எங்க ரெண்டு பேர்கிட்டயும் கிடையாது. கிரீன்லாந்து. அது மட்டும் எனக்கு முதல்ல கிடைச்சா போதும், மத்ததெல்லாம் அவளே வச்சுக்கட்டும்னு கோயில்ல வேண்டிக்கிட்டேன்.

போன மாசம் ஒரு சாயங்காலம். குப்பை வண்டிக்காகக் கட்டடமே பையோட வாசல்ல நிக்குது. தபால் எல்லாம் வாங்கி வைக்கிற காவலாளி சாய் அண்ணன் ஒரு கார்டைத் தூக்கிக் காட்டினார். பனிமலை, சிவப்பு வீடு. கிரீன்லாந்து! மழையில ஊறி, விலாசத்துல எங்க கட்டடத்து நம்பர் மட்டும் மிச்சம். பேரும் மாடியும் கரைஞ்சு போச்சு.

"என்னுது!"ன்னா யூலான்.

"ஏன்க்கா, உங்க பேரா எழுதியிருக்கு? குலுக்கல்ல யாருக்கு விழுந்ததோ. என்னுதாத்தான் இருக்கும்."

"உனக்குப் பூனைதானடி வரும்!"

குப்பைப் பையைக் கீழே போட்டுட்டு ஆளுக்கொரு ஓரத்தைப் பிடிச்சோம். "கிழிச்சிடாதீங்க தாயி! பின்னாடி என்ன எழுதியிருக்குன்னு படிச்சா யாருதுன்னு தெரிஞ்சிடும்"ன்னு சாய் அண்ணன் பிடுங்கினார். கப்பல்ல சமையல்காரரா இருந்த மனுஷன், இங்கிலீஷ் நல்லா வரும். எல்லாருக்கும் கேக்கற மாதிரி நம்ம பாஷையிலயே மாத்திப் படிச்சார்.

"அன்புத் தோழிக்கு, நீங்களா நேரா எழுதின கார்டு கிடைச்சுது. உங்க கட்டடத்துல இன்னொருத்தியும் கார்டு சேர்க்கிறாள்னு உங்களுக்கு அவ்வளவு பொறாமையா! நானும் என் அக்காவும் விழுந்து விழுந்து சிரிச்சோம். மனசைத் தேத்திக்கோங்க. அவளுக்குக் கிரீன்லாந்து கிடைக்காது. இது உங்களுக்கு மட்டும்."

அவ்வளவுதான். யூலான் கையைப் பின்னாடி கட்டிக்கிட்டா.

"உன்னுதுதான் பாவ்சூ, எடுத்துக்கோ."

"ஐயய்யோ, உங்களுதுதான்க்கா. நீங்கதானே முதல்ல கேட்டீங்க?"

"மூணாம் மாடியா, நாலாம் மாடியா? வயித்தெரிச்சல் யாருக்குப்பா?"ன்னு பின்னாடி ஒரே சிரிப்பு.

அப்பதான் எனக்கு உறைச்சுது. நான் கிரீன்லாந்துக்கு எழுதினதே இல்லையே! அப்போ எழுதினது இவதான். என்னைப் பார்த்து இவளுக்குப் பொறாமையா? நிமிர்ந்து பார்த்தேன். காது மடல் வரைக்கும் சிவந்து, மூஞ்சி சுண்டிப்போய் நின்னா.

"என்னுதுதான் அண்ணே, கொடுங்க. எனக்குத்தான் வயித்தெரிச்சல், போதுமா?"ன்னு வாங்கிக்கிட்டேன். இரக்கம்னு நினைக்காதீங்க. பாதி இரக்கம்தான். மீதி, எனக்கு அந்தக் கார்டு வேணும்.

லிஃப்ட்ல நாங்க ரெண்டு பேர் மட்டும்.

"நீ எழுதலைன்னு எனக்குத் தெரியும்டி."

"அப்படியா? கீழே போய் எல்லார்கிட்டயும் சொல்லுங்களேன்."

மூணு, நாலு ரெண்டு பட்டனையும் அவளே அழுத்தினா. "என்னைப் பார்த்துப் பொறாமைப்பட என்னக்கா இருக்கு? பூனையா?"ன்னு கேட்டேன்.

"உன் வீட்டுக்காரர் எதிர்ல உக்காந்து தபால்தலை ஒட்டித் தர்றாரே"ன்னா, லிஃப்ட் கதவைப் பார்த்துக்கிட்டே. அதுக்குள்ள மூணாம் மாடி வந்துடுச்சு. நான் இறங்கிட்டேன்.

ஆனா கார்டைத் திருப்பிக் கொடுக்கலை. கடைச் சுவத்துல, கல்லாவுக்கு மேலே ஒட்டியிருக்கேன். ஒட்டிக் கொடுத்தது என் வீட்டுக்காரர்தான். தினமும் காலையில உப்புச் சோயா பால் குடிக்க யூலான் வர்றா, அதுக்கு நேர் எதிர்லயே உக்கார்றா. இன்னைக்கும் வந்தா. கார்டைப் பார்த்தா, அவரைப் பார்த்தா, ஒரு வாய் குடிச்சுட்டு உப்பு பத்தலைன்னா.

உப்பெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு.