ஹைபிரிட் மச்சானும் பெற்றோல் மச்சானும்

பூ ஏற்ற ஒரு வண்டி வேண்டும் என்று நான் வாய் திறந்த அன்றைக்கே எங்கள் வீட்டில் இரண்டு கட்சிகள் பிறந்துவிட்டன. ஒன்றுக்குத் தலைவர் என் கணவர். மற்றதற்கு என் அண்ணன். தொண்டர்கள் யாரும் கிடையாது, இரண்டு பேருமே தலைவர்கள். வாக்காளராக நான் ஒருத்தி இருந்தேன். எனக்கு வாக்குச்சீட்டு மட்டும் வரவில்லை.

கடுகண்ணாவையில் வீட்டுக்குப் பின்னால் உள்ள சரிவில் அந்தூரியம் வளர்த்து, கண்டியில் இருக்கிற விருந்தினர் விடுதிகளுக்குக் கொடுப்பது என் தொழில். பூ வெட்டுவது நான், வாளியில் நிறுத்துவது நான், விடுதியில் கொண்டுபோய் அடுக்குவதும் நான். நடுவில் கிடக்கிற ரோட்டுக்கு மட்டும், ஹையருக்கு வரும் ஒரு லொறிக்காரரை நம்பியிருந்தேன். அவருக்கு ஒரு கலியாண ஹையர் கிடைத்துவிட்டால் நானும் என் பூவும் யாரோ. "அக்கா, இன்னைக்கு வர ஏலாது போல" என்று அவர் ஃபோன் பண்ணும் நேரம் பூவெல்லாம் வெட்டி முடிந்திருக்கும். இருப்பதிலேயே பெரிய விடுதியின் மேலாளர் மரியாதையோடுதான் சொன்னார், இன்னும் ஒரு தடவை பூ வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக. அந்த விடுதி கைவிட்டுப் போனால் தொழிலே படுத்துவிடும். அதனால்தான் சின்னதாக ஒரு கெப் வண்டி கேட்டேன். பின்னால் திறந்த தட்டில் வாளிகள் நின்றால் போதும்.

இதற்கென்றே வண்டி ஓட்டப் பழகி, லைசன்சும் எடுத்திருந்தேன். லைசன்ஸ் கைக்கு வந்த அன்று என் கணவர் அதைப் படம் பிடித்துச் சொந்தக்காரர் எல்லோருக்கும் அனுப்பினார். கேக் வாங்கி வந்து வெட்டினோம்.

என் கணவர் ஹைபிரிட் கட்சி. பெற்றோல் தட்டுப்பாட்டுக் காலத்தில் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரிசையில் நின்றவர். அந்த வரிசையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கதிர்காமத்துக்கு நடந்து போய் வந்தவர் மாதிரிக் குரலே மாறிவிடும். "மச்சான், பேராதனை ட்ராஃபிக்ல நிக்கிற நேரமெல்லாம் பற்றரியில ஓடும். கடுகண்ணாவ எறக்கத்துல பிரேக் புடிச்சா சும்மாவே சார்ஜ் ஏறும். நமக்குன்னே செஞ்ச வண்டி" என்பார்.

அண்ணன் பெற்றோல் கட்சி. கம்பளையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறார். பழைய ஹைபிரிட் கார் ஒன்றை வாங்கி, பற்றரி செத்து, கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டவர். "எறக்கத்துல சார்ஜ் ஏறும், சரி. ஏத்தத்துல யாரு தள்ளுறது, நீங்களா? சாமான ஏத்திக்கிட்டு மடுல்கெல்ல பக்கம் ஒருக்கா போய்ப் பாருங்க, தெரியும். பெற்றோல் எஞ்சின்னா எந்த கராஜ்லயும் கை வைப்பாங்க. இது படுத்திருச்சின்னா கம்ப்யூட்டர் படிச்சவனத் தேடணும்" என்பார்.

இது ஒரு ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்த பேச்சு என்று நினைத்தால் உங்களுக்கு எங்கள் வீட்டைத் தெரியாது. ஒவ்வொரு ஞாயிறும் அண்ணன் வந்தார். ஒவ்வொரு ஞாயிறும் நான் கோழி ஆக்கினேன். சாப்பிட்டு முடித்ததும் இரண்டு பேரும் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, எவனோ ஒரு வெள்ளைக்காரன் பாலைவனத்தில் கெப் ஓட்டுகிற வீடியோவைப் பார்ப்பார்கள். கடுகண்ணாவையில் பாலைவனம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒரு நாள் கேட்டேன். "கொஞ்சம் சும்மா இரு தங்கச்சி, முக்கியமான எடம் ஓடுது" என்றார் அண்ணன்.

என் தேவையையும் ஒரு தடவை சொல்லித்தான் பார்த்தேன். "எனக்கு ஆட்டோ கியர் வண்டி வேணும்."

"அது ஹைபிரிட்டுன்னா தானா வரும்" என்றார் கணவர். "அங்கதான் தப்பு. கியர் மாத்துற வண்டிதான் மேட்டுல இழுக்கும்" என்றார் அண்ணன். நான் சொன்னதை ஆளுக்குப் பாதியாகப் பிய்த்து எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் பற்றரிக்கே திரும்பிப் போனார்கள். வண்டி யாருக்கு, அதை ஓட்டப்போவது யார் என்று ஒரு வார்த்தை வரவில்லை. குசினிக்குள் போய்ச் சட்டியைப் போட்டுத் தேய்த்தேன். எரிச்சல் என்றால் அப்படி ஓர் எரிச்சல்.

அந்த வாரமே லொறிக்காரர் மறுபடியும் கையை விரித்தார். த்ரீவீலரில் வாளிகளை மடியிலும் காலடியிலுமாக இடுக்கிக்கொண்டு போனேன். பாதிப் பூ காம்பு ஒடிந்துவிட்டது. மேலாளர் ஒடிந்த பூக்களை ஒவ்வொன்றாக எடுத்து ஒரு பக்கமாக வைத்தார். அவர் ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வீட்டுக்கு வந்து, நாளைக்கே வாகனம் விற்கிற சேலுக்குப் போகிறோம், அண்ணனையும் வரச் சொல்லுங்கள் என்றேன்.

சேலில் இரண்டு வண்டிகளும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. பெற்றோல் வண்டி கியர் மாற்றுவது, ஹைபிரிட் ஆட்டோ கியர். "எது எடுக்கிறீங்க சேர்?" என்று விற்கிறவர் கேட்டார்.

எங்கள் ஆட்களிடம் ஒரு குணம் உண்டு. வீட்டுக்குள் மச்சானும் மச்சானும் எவ்வளவும் பிடுங்குப்படுவார்கள். வெளியாள் ஒருவர் வந்துவிட்டால் போதும், மரியாதை பொத்துக்கொண்டு வரும். என் கணவர் தொண்டையைச் செருமினார். "மச்சான் அனுபவப்பட்டவரு. அவரு சொன்னபடி பெற்றோல் வண்டியே குடுங்க" என்றார்.

அண்ணன் பதறிப்போனார். "அதெப்படி மச்சான்? நாளைக்கு என் பேச்சக் கேட்டுக் கெட்டீங்கன்னு வரக்கூடாது. ஹைபிரிட்டே எடுங்க."

"இல்ல மச்சான், மேட்டுல இழுக்கணும்ல."

"எறக்கத்துல சார்ஜ் ஏறுமே மச்சான்."

ஒருவர் கட்சிக்குள் மற்றவர் புகுந்துகொண்டு, ஒரு மாதமாக வீட்டில் கேட்ட அதே சண்டையை மறுபடியும் முதலில் இருந்து தொடங்கினார்கள். விற்கிறவர் ஒரு கதிரையைத் தேடி உட்கார்ந்துவிட்டார். கடைசியில் விட்டுக்கொடுப்பதில் என் கணவர்தான் வென்றார். பெற்றோல் என்று முடிவாகி, அவர் விற்கிறவரிடம் கையை நீட்டினார்.

"அந்த வண்டிய என்னால ஓட்ட ஏலாது. எனக்கு இருக்கிறது ஆட்டோ கியர் லைசன்ஸ்" என்றேன்.

என் கணவர் நீட்டிய கையோடு என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீயா ஓட்டப்போற?"

அதில் கேலி இல்லை. கேலியாக இருந்திருந்தால் நாலு வார்த்தை வைத்திருந்தேன். மனிதர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பிய லைசன்ஸ், அவர் கணக்கில் அலுமாரிக்குள் வைக்கிற ஒரு சான்றிதழ். பூ ஒடிந்தபோதுகூட எனக்கு அப்படி வலிக்கவில்லை.

"ஒரு டிரைவரப் போட்டுக்கலாமே தங்கச்சி" என்றார் அண்ணன், பெரிய உதவி செய்கிறவர் போல.

"டிரைவர நம்பித்தானே அண்ணே இவ்வளவு நாளும் நாசமாப் போனேன்" என்றேன். விற்கிறவரிடம் திரும்பி, ஹைபிரிட் என்றேன். தோட்டம் என்னுடையது, வண்டிக்கான வங்கிக் கடனும் என் பெயரில்தான். கையெழுத்தும் நானே வைத்தேன். அதற்குள் என் கணவர், "நான் ஆரம்பத்துலயே சொன்னேன்ல" என்று அண்ணனிடம் மெதுவாகச் சொல்வது கேட்டது.

வண்டி எடுக்கப் போன நாளிலும் மூன்று பேரும்தான் போனோம். விற்கிறவர் சிரித்துக்கொண்டே வந்து வண்டியின் திறப்பை என் கணவர் கையில் வைத்தார். அவர் அதைக் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டு நின்றார். வண்டியைப் பார்த்தார், சேலின் குறுகலான வாசலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"ரிவர்ஸ் எடுப்பியா?"

"எடுப்பேன்" என்று திறப்பை வாங்கிக்கொண்டேன். "ரெண்டு பேரும் பின்னால நிக்காதீங்க."