சாறத்துக்குக் கீழே சோலார் தகடு

சாம்பல்தீவில் பிலோமினாவின் வாய்க்கு அஞ்சாத மீன் வியாபாரி கிடையாது. மீன் கொஞ்சம் பழுதென்றாலும் ஆளை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவாள். அப்பேர்ப்பட்ட மனுசி பயந்தது ஒன்றே ஒன்றுக்குத்தான். வயர் பூட்டிய பெட்டி. சண்டைக் காலத்தில், ரேடியோவுக்கென்று வாங்கிய இரண்டு பற்றரி சட்டைப் பையில் இருந்த குற்றத்துக்கு, அவளுடைய அண்ணனைக் கடற்படைச் சோதனைச் சாவடியில் பஸ்ஸால் இறக்கினார்கள். போனவர் போனவர்தான்.

வாய்த்த புருசனோ அஞ்சலோ! மோட்டர் திருத்துகிற மனுசனுக்கு, கேட்கவும் பேசவும் கூடிய வானொலிச் செற்றில் ஊர் ஊராகக் கதைக்கிற பைத்தியம். அதற்கென்று பரீட்சை எழுதி அரசாங்க அனுமதியும் எடுத்துவிட்டார்.

"லைசென்ஸ் இருக்கப்பா. ஆர் என்ன செய்யிறது?" என்பார்.

"அண்ணனிட்டயும் அடையாள அட்டை இருந்ததுதான்" என்பாள்.

புயல் வந்து கரண்டையும் போனையும் ஒன்றாகக் கொண்டுபோனது. குடாவுக்கு அப்பால் கிண்ணியாப் பக்கம் வெள்ளம் என்று கேள்விப்பட்டதும் அஞ்சலோ ஆக்களை ஏற்றி வரக் கூட்டாளியின் வள்ளத்தில் புறப்பட்டார். இருந்த இரண்டு செற்றில் ஒன்றைத் தான் எடுத்து, மற்றதையும் பள்ளிக் கொப்பியளவு சோலார் தகட்டையும் இவளிடம் கொடுத்தார்.

"இதை நல்ல வெயில்ல வையும். பற்றரி ஏறும். எனக்கு ஏதும் எண்டா உம்மோடதான் கதைப்பன். நீர்தான் ஆக்களுக்குச் சொல்ல வேணும். விளங்குதே?"

"ஓம், ஓம். கவனமாப் போட்டு வாங்கோ."

மழை விட்டு வெயில் எறித்தது. நிவாரணத்துக்குக் கடற்படை ட்ரக்குகள் ஓடின. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் அல்லவா? சீருடைக்காரர் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று பிலோமினா யோசித்தாள். தகட்டைக் கொண்டுபோய், கொடியில் காயப்போட்டிருந்த அஞ்சலோவின் சாறத்துக்குக் கீழே ஒளித்து வைத்தாள். துணிக்குள்ளால் வெளிச்சம் வரும்தானே, கொஞ்சமென்றாலும் ஏறாதா என்று தன் மனதைத் தேற்றிக்கொண்டாள்.

மறுநாள் காலை செற் இரைந்தது.

"பிலோ, கேக்குதே? வள்ளம் கவிண்டு போச்சு. வெள்ளத்தில அகப்பட்ட சனமும் பிள்ளையளும் நிக்குதுகள். தண்ணி ஏறுது, படகு வேணும். கேக்குதெண்டாச் சொல்லும், இடத்தைச் சொல்லுறன்."

கதைப்பதற்காகப் பொத்தானை அமத்தினாள். செற்றின் வெளிச்சம் பொசுக்கென்று அணைந்தது. திரும்பத் திரும்ப அமத்தினாள். கேட்கப் போதிய பற்றரி கதைக்கப் போதவில்லை.

"ஐயோ மாதாவே! என்ர பயத்தால அவரைக் கொல்லப் போறனே!"

தலைக்கு மேலே வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன! சாறத்தை இழுத்தெறிந்தாள். வளவெல்லாம் தென்னை நிழல். வெயில் முழுதாக விழுந்தது ரோட்டில் மட்டும்தான். பிளாஸ்டிக் கதிரையொன்றைத் தூக்கிப்போய் ரோட்டோரம் வைத்து, தகட்டை அதில் சாத்தி, செற்றை அதில் வயரால் பூட்டினாள். பற்றரி ஏறுவதைக் காட்டும் சின்னச் சிவப்பு லைற் பற்றியது. பக்கத்தில் குந்தி, செபமாலையை உருட்டினாள். ஒவ்வொரு மணிக்கும் அவர் தண்ணீருக்குள் தாழ்வதுபோல் இருந்தது.

மதியம் திரும்பும் நேரம் ட்ரக் ஒன்று வந்து நின்றது. தோளில் துவக்கோடு ஒரு கடற்படைக்காரன் இறங்கினான். ஓடடி, பெட்டியைப் பற்றைக்குள் எறிந்துபோட்டு ஓடடி என்றது மனம். அவன் கிட்ட வந்து குனிந்தான்.

"அம்மா, இது என்ன?"

அவனுடைய நிழல் தகட்டை மூட, சிவப்பு லைற் அணைந்தது. அதைக் கண்டதும் அவளுக்கு வாய் வந்தது.

"தம்பி, அங்கால தள்ளி நில்லுங்கோ. வெயிலை மறைக்கிறியள்."

அவன் திகைத்து விலகினான். லைற் மறுபடி பற்றியது. அவள் பொத்தானை அமத்தினாள்.

"இஞ்சேருங்கோ, பிலோதான். எங்க நிக்கிறியள்?"

இரைச்சலுக்குள்ளால் அஞ்சலோவின் குரல் வந்தது. "குறிஞ்சாக்கேணி… பள்ளிவாசல் மேல்மாடி… கெதியா…"

பெட்டியை அந்தச் சீருடைக்காரனிடம் நீட்டினாள்.

"என்ர மனுசன் வெள்ளத்துக்குள்ள, படகு வேணுமாம். நீங்களே கேளுங்கோ, தம்பி" என்றாள்.