குடல் ஏறியதாக நம்பினேன்

என் மகளுக்கு ஒன்பது வயது. மாதக்கணக்கில் வயிற்றுவலி, ரத்தபேதி. ஆளே இளைத்துப்போனாள். "கொடலு ஏறிக்கீது, தட்டினா எறங்கிடும்" என்றார் எங்கள் விம்கோ நகர்த் தெருவில் குடல் தட்டுகிற அக்கா. மூன்று முறை கூட்டிப்போனேன். அவர் விளக்கெண்ணெய் தடவி வயிற்றை அமுக்கும்போது பிள்ளை அலறித் துடித்தாள். அவள் அசையாதபடி கால்களைப் பிடித்துக்கொண்டது நான்தான்.

கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார்கள். படுக்க வைத்ததும் இரண்டு கையாலும் வயிற்றை மூடிக்கொண்டாள்.

"நைனா, இதுவும் அமுக்குமா?"

"அமுக்காதுமா. போட்டோதான் எடுக்கும்."

அவள் நம்பவில்லை. நர்ஸ்தான் கைகளைப் பிரித்து வைத்தார். மெஷின் தடதடவென்று அதிர்ந்தது. எனக்கு அதற்குள்ளிருந்து அவளுடைய பழைய அலறல்தான் கேட்டது.

டாக்டர் படத்தைக் காட்டினார். குடல் நெடுக வீக்கம். ஓரிடத்தில் சீழ் கட்டியிருந்தது.

"வயித்த யாராவது அமுக்கினீங்களா?"

"இல்ல சார்" என்றேன்.

மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு டாக்டரிடம் அவளும் "இல்ல" என்றாள்.

மருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. தினமும் "வலிக்குதாமா?" என்று கேட்கிறேன். "இல்ல நைனா" என்கிறாள். அப்படிச் சொல்ல அவளுக்குக் கற்றுக்கொடுத்தவன் நான். எப்படி நம்புவேன்?